காய்ச்சலுக்குத் தந்த மருந்தும் குடலைக் கெடுக்கும் கிருமியும்

நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்ட முதியவருக்குக் காய்ச்சல் தணிந்திருக்கும். வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது வயிற்றுப்போக்கு தொடங்கும். உடனிருப்பவர்கள் சாப்பாட்டைச் சந்தேகிப்பார்கள். மருத்துவமனையில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் எனக்குச் சந்தேகம் வருவது, காய்ச்சலைத் தணித்த ஆன்டிபயாடிக்கின் மீதுதான்.

ஆன்டிபயாடிக் எடுத்தவருக்கு வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அடங்காதவற்றில் நான் தேடுவது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவை. வார்டில் நாங்கள் சி.டிஃப் என்போம். 1935-லேயே பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டறியப்பட்டது; குழந்தைகளை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களின் பெருங்குடல் அழற்சிக்கு அதுவே முக்கியக் காரணம் என்பது 1978-ல்தான் உறுதியானது.

நலமான குடலில் மற்ற பாக்டீரியாக்கள் இதை வளரவிடுவதில்லை. கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின், ஃப்ளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக்குகள் அந்தக் காவல் கூட்டத்தை அழித்துவிடுகின்றன. சி.டிஃப் மட்டும் தப்பிப் பெருகி, நச்சுகளைச் சுரந்து குடல் சுவரைப் புண்ணாக்குகிறது. ஆக, இங்கே மருந்து எதிர்ப்பு என்பது இந்த நோய்க்கான மருந்து வேலை செய்யாமல் போவதைவிட, வேறு நோய்க்குத் தரும் மருந்தில் இக்கிருமி சாகாமல் இருப்பதையே பெரிதும் குறிக்கிறது.

இங்கிலாந்தின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டியது. ஃப்ளூரோகுயினலோனை எதிர்க்கும் 027 என்ற சி.டிஃப் வகை 2000-களில் கனடாவின் கியூபெக்கிலும் இங்கிலாந்திலும் மருத்துவமனைகளை உலுக்கியது. இங்கிலாந்தில் 2006-க்குப் பிறகு அந்த மருந்துகளின் பயன்பாடு வெகுவாகக் குறைக்கப்பட்டது. பாதிப்பு ஏறத்தாழ 80 சதவீதம் சரிந்தது. மரபணுவை ஆராய்ந்தபோது, மறைந்தவை அந்த மருந்தை எதிர்க்கும் வகைகளே, எதிர்ப்பில்லாதவை பெரிதாகக் குறையவில்லை என்று தெரிந்தது. துப்புரவு மட்டுமே காரணமென்றால் இரண்டும் சேர்ந்தல்லவா குறைந்திருக்க வேண்டும்? துடைப்பதற்கும் கழுவுவதற்கும் நாள் முழுவதும் அறிவுரை சொல்லும் வேலை என்னுடையது. இருந்தும் சொல்கிறேன்: முதல் தடுப்பு மருந்துச் சீட்டில்தான் இருக்கிறது. சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் எழுதப்படும் ஆன்டிபயாடிக்கால் நோயாளிக்குப் பயனே இல்லை, ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது.

அதற்காகத் துப்புரவைக் கைவிட முடியாது. இக்கிருமி கடினமான உறையுடைய வித்துகளாக மாறிவிடும். கட்டில் கம்பியிலும் கழிப்பறைக் கைப்பிடியிலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பு ஜெல் அவற்றைக் கொல்லாது. வார்டு வாசலில் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு நிம்மதியாக உள்ளே போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தடுத்து நிறுத்தத் தோன்றும். இந்த நோயாளியைத் தொடும்போது கையுறை வேண்டும். கழற்றிய பின் சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அறையைக் குளோரின் கலந்த கரைசலால் துடைக்க வேண்டும். நோயாளிக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் தேவை.

ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், மருத்துவரைக் கேட்காமல் லோபராமைடு போன்ற, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துக் கட்டிவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் முடித்து மூன்று மாதம் வரைகூட இது வரலாம். எனவே வேறு மருத்துவரிடம் போனாலும், அண்மையில் என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சைக்கு ஃபிடாக்ஸோமைசின் அல்லது வான்கோமைசின் வழக்கமாகப் பத்து நாள் தரப்படுகிறது. வான்கோமைசினை வாய்வழியாகத் தந்தால்தான் பயன். ஊசி வழியாக ஏற்றினால் குடலுக்குள் போதிய அளவு சேராது. குணமானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு, நலமானவரின் குடல் பாக்டீரியாக்களை மலத்திலிருந்து எடுத்துச் செலுத்தும் முறை நன்கு பலனளிக்கிறது. கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான்காவது முறை படுத்தவர்கள் சுளிப்பதில்லை.

வீடு திரும்பும் நாளில், கிருமி போய்விட்டதா என்று ஒரு பரிசோதனை செய்து தரும்படி குடும்பத்தினர் கேட்பதுண்டு. நான் மறுத்துவிடுவேன். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் வாரக்கணக்கில் முடிவு 'பாசிட்டிவ்' என்றே வரக்கூடும். அந்தத் தாளைப் பார்த்துப் பயந்து தேவையற்ற மருந்தை இன்னொரு சுற்று தொடங்குவார்கள்.