பாலியாண்ட்ரி: கணவனும் இல்லை, மணமும் இல்லை

'பாலியாண்ட்ரி' என்றால் பல்கணவ மணம் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. மனித சமூகத்தைப் பற்றி எழுதும்போது அதில் குறையில்லை. பூச்சியியல் கட்டுரையில் அதையே எடுத்து ஒட்டும்போதுதான் இடறுகிறது.

தேனீயையே பாருங்கள். கூட்டைவிட்டுக் கிளம்பும் இளம் ராணி, நடுவானில் பத்து இருபது ஆண் தேனீக்களோடு அடுத்தடுத்துக் கூடுகிறது. கூடிய ஆணின் பிறப்புறுப்பு பிய்ந்துபோக, அது செத்து விழுகிறது. சில நொடிகளில் முடிந்துவிடும் இந்த உறவில் கணவன் யார், மணம் எது? மணம் என்பதற்கு வாசனை என்று பொருள் கொண்டால் மட்டும் சரி: ராணி விடும் வாசனையைத் துரத்தித்தான் ஆண்கள் வருகின்றன.

சொல்லின் வேர் கிரேக்கம். 'பாலி' என்றால் பல. 'ஆண்ட்ரோஸ்' என்பது ஆண்மகனையும் கணவனையும் குறிக்கும் சொல்லின் வேற்றுமை வடிவம். (தமிழ் 'ஆண்' காதில் விழுகிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம், வெறும் ஒலி ஒற்றுமை.) 1735இல் தாவரங்களை வகுத்த லின்னேயஸ், இருபதும் அதற்கு மேலும் மகரந்தத்தாள் கொண்ட பூக்களை 'பாலியாண்ட்ரியா' என்றார். பூவுக்கே கணவன்மாரைக் கட்டிவைத்த மனிதர்!

பூச்சிகளுக்கு நான் எழுதுவது 'பல்லாண் கலவி'. பல்லாண்டு வாழ்த்துவதுபோல ஒலிக்கிறது என்பவர்கள் 'பலவாண் கலவி' எனலாம். 'புணர்ச்சி' என்ற சொல்லை இலக்கணக்காரர்களும் எடுத்துக்கொண்டிருப்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

ஒரு ராணி பல ஆண்களோடு கூடும் இந்த வழக்கம் பூச்சிச் சமூகங்களில் ஆதியிலேயே இருந்ததன்று. தேனீ, எறும்பு, குளவி வம்சங்களில் கூட்டு வாழ்க்கை தோன்றியபோது தாய் ஒரே ஆணோடுதான் கூடியது. பல்லாண் கலவி சில வம்சங்களில் பின்னால் வந்து சேர்ந்தது. தந்தையர் பலரானால் மகள்களின் மரபணுக்கள் பலவிதமாக இருக்கும், அதனால் ஒரே நோய் கூட்டை முழுதாக வாரிக்கொண்டு போவது கடினம். இன்னொரு பயனும் உண்டு. தேன்கூட்டில் வெப்பம் சற்று ஏறியதுமே ஒரு தந்தையின் மகள்கள் சிறகு வீசத் தொடங்குகின்றன. வேறொரு தந்தையின் மகள்கள் இன்னும் கொஞ்சம் சூடேறும்வரை பொறுத்திருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் வீசி, ஒரே நேரத்தில் ஓய்ந்தால் வெப்பம் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் விழும் குழி ஒன்று உண்டு. எறும்பு ஆய்வில் வரும் 'பாலிஜினி', ஓர் ஆண் பல பெண்களோடு கூடுவதன்று. ஒரே புற்றில் பல ராணிகள் முட்டையிடும் நிலை. அதைப் 'பலராணி நிலை' என்றே எழுதலாம்.