ரத்தத்தில் படிந்த அடுப்புக்கரி

"கோமாரிக்குத் தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது, நோய் வந்து தேறிய மாட்டின் ரத்தத்திலும் இருக்கிறது. பிறகு எதை வைத்து இரண்டையும் பிரிக்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எதிர்ப்பொருள் என்பது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம். கால்நடை மருத்துவர்களை வெகுகாலம் படுத்தியெடுத்த கேள்விதான்.

கோமாரி தெரிந்த நோய். வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம், ஒழுகும் எச்சில், வற்றும் பால். மூச்சு, எச்சில், பால், மனிதரின் செருப்பு, வண்டிச் சக்கரம் என எதிலும் ஏறிப் பரவும். தேறிய மாடுகள் சிலவற்றின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியும் விடும். 2001இல் பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அதே ஆண்டு நெதர்லாந்தில் தடுப்பூசி போட்டார்கள். போட்ட மாடுகளையும் பின்னர் கொன்றார்கள்! நோயற்ற நாடு என்ற பெயர் இருந்தால்தான் பல நாடுகள் தடையின்றி இறைச்சி வாங்கும்; ரத்தத்தில் எதிர்ப்பொருளோடு நிற்கும் மாடு அந்தப் பெயருக்கு இடைஞ்சல்.

இப்போது விடைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இந்த வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ இரண்டு வகைப் புரதங்களுக்கான குறிப்பைச் சுமக்கிறது. ஒன்று, வைரஸைப் பொதியும் உறைப் புரதம். மற்றது வேலைக்காரப் புரதம்: நீண்ட புரதச் சங்கிலியை நறுக்குவது, ஆர்.என்.ஏவை நகலெடுப்பது எல்லாம் இதன் பொறுப்பு. வைரஸ் செல்லுக்குள் பெருகும்போதுதான் இது உருவாகும்.

தடுப்பூசிக்காகத் தொட்டியில் வைரஸை வளர்க்கும்போதும் இது உருவாகத்தான் செய்யும். ஆனால் வைரஸைச் செயலிழக்க வைத்தபின் வேலைக்காரப் புரதங்களை நீக்கி, உறையோடு கூடிய துகள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே தடுப்பூசி என்பது வெளியே வாங்கிவந்த சாப்பாட்டுப் பொட்டலம். தொற்று, வீட்டுக்குள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைத்தது. சாப்பாடு ஒன்றுதான், ஆனால் கரி படிந்திருப்பது சமைத்த வீட்டில் மட்டுமே. 3ஏபிசி என்ற வேலைக்காரப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை எலிசா என்ற ரத்தச் சோதனையில் தேடுவது அந்தக் கரியைத் தடவிப் பார்ப்பதுதான்.

தடுப்பூசியைச் சரியாகச் சுத்திகரிக்காமல் பலமுறை போட்டால், நோய் வராத மாட்டிலும் கரி தெரியும். தடுப்பூசி போட்ட மாட்டுக்குள் வைரஸ் கொஞ்சமாகப் பெருகி அடங்கினால் கரியே தெரியாமலும் போகும். எனவே ஒற்றை மாட்டை விட்டு, மந்தையை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதற்கு ஆண்டுதோறும் ரத்த மாதிரி எடுக்க ஆளும் பணமும் வேண்டும். தடுப்பூசி முகாமுக்குக் கிடைக்கும் நிதி இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஊசி போடுவதைப் புகைப்படம் எடுக்கலாம், சோதனைத் தட்டை யார் எடுப்பார்கள்?

2011இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட, ரிண்டர்பெஸ்ட் எனப்படும் வெக்கை என்ற மாட்டு நோயில் இந்த வசதி இல்லை. அதற்குப் போட்டது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அதுவும் மாட்டுக்குள் அடுப்பு மூட்டவே செய்யும். நோய் போய்விட்டதா என்று அறிய, தடுப்பூசியை நிறுத்திவிட்டுப் புதிதாகப் பிறந்த கன்றுகளின் ரத்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.