மாநிலம் மாறும் வக்கீல்கள் புதிதாக என்ரோல் பண்ண வேண்டாம்

என்னிடம் ஜூனியராக இருந்த பெண், கல்யாணமாகி பெங்களூரு போன மூன்றாம் மாதம் ஓர் இரவு போன் செய்தாள். "மேடம், இங்க புதுசாவே என்ரோல் பண்ணிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்னு சொல்றாங்க. ஃபார்ம் நிரப்பிட்டேன்."

படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பட்டச் சான்றிதழ், புகைப்படம் எல்லாம் இருந்தன. எட்டு வருடமாக ஒவ்வொரு வக்காலத்திலும் எழுதிவந்த எம்.எஸ். எண், அதாவது தமிழ்நாட்டில் வக்கீலாகப் பதிந்த எண், மட்டும் எங்குமே இல்லை.

பதறிவிட்டேன். ஒரு வக்கீலின் பெயர் ஒரே ஒரு மாநிலப் பதிவேட்டில்தான் இருக்கலாம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 17(4) பிரிவு அதைத்தான் சொல்கிறது. முக்கிய விவரத்தை மறைத்துப் பதிவு வாங்கினால், பிரிவு 26-இன்படி பெயரையே நீக்கிவிட முடியும். யாரோ அவசரத்தில் சொன்ன யோசனைக்கு எட்டு வருட உழைப்பைப் பணயம் வைக்கலாமா?

சரியான வழி பிரிவு 18. விண்ணப்பம் டெல்லியில் உள்ள, வக்கீல்களுக்கான அகில இந்திய அமைப்பான இந்திய பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அவர்கள் உத்தரவிட்டதும் பழைய பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிப் புதிய மாநிலத்தில் ஏறும். சீனியாரிட்டி அப்படியே கூடவே வரும். பலருக்கு இது தெரியாததால்தான் புதுப் பதிவுக்கு ஓடுகிறார்கள்.

ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மாற்றத்தை மறுக்கலாம். அதனால் அப்படி எதுவும் இல்லை என்று நம் மாநில பார் கவுன்சிலின் சான்றும், மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் தேவை. இவற்றைச் சாமான் கட்டுவதற்கு முன்பே, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அவள் இதற்காகவே இரண்டு முறை ரயிலேறி வந்தாள், பாவம். கட்சிக்காரர் யாராவது புகார் கொடுத்திருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

அதுவரை வேலை நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். 2011 ஜூன் 15 முதல் அமலில் உள்ள பிரிவு 30, இந்தியா முழுக்க ஆஜராகும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்தந்த உயர் நீதிமன்ற விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்; அலகாபாத் போன்ற இடங்களில் உள்ளூர் வக்கீல் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்ற உத்தரவு கைக்கு வரும்வரை வக்காலத்தில் பழைய எம்.எஸ். எண்ணையே எழுதுங்கள்.