பழைய கம்ப்ரெசர் பிளக்-இன்: நாபைத் திருகும் முன் லெவலைப் பாருங்கள்

ஒலியின் உரத்த இடங்களை அடக்கும் கருவிதான் கம்ப்ரெசர். 1176, எல்ஏ-2ஏ போன்ற பழைய கம்ப்ரெசர்களின் பிளக்-இன் (கணினி மென்பொருள்) வடிவம் இன்று பெரும்பாலான வீட்டு ஸ்டுடியோக்களில் இருக்கிறது. குறைகளும் வழக்கமானவைதான்: குரல் நசுங்குகிறது, கரகரக்கிறது, இல்லாவிட்டால் எதுவுமே நடப்பதில்லை. கோளாறு பெரும்பாலும் உள்ளே போகும் லெவலில்தான்.

அனலாக் கருவிகளில் சராசரி லெவலைக் காட்டும் வி.யு. மீட்டரின் 0 என்பது +4 டிபியு (மின்னழுத்தத்தைக் குறிக்கும் டெசிபல் அலகு), அதாவது சுமார் 1.23 வோல்ட். அதற்கு மேலும் ஏறத்தாழ 20 டெசிபல் இடம் இருக்கும். டிஜிட்டலில் லெவலின் அலகு டிபிஎஃப்எஸ்; அதன் 0தான் உச்சவரம்பு, அதற்கு மேல் இடமே இல்லை. எனவே பல பிளக்-இன்கள் -18 டிபிஎஃப்எஸ் லெவலை 0 வி.யு. என்று வைத்துக்கொள்கின்றன. எல்லாமே அப்படி அல்ல; கையேட்டைப் பாருங்கள். உச்சி -3 வரை போகும்படி பதிவுசெய்த குரலை நேரடியாகக் கொடுத்தால், உண்மைக் கருவிக்குள் யாரும் அனுப்பாத லெவலை அனுப்புகிறீர்கள் என்று பொருள்.

சோதிப்பது எளிது. டோன் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை -18 டிபிஎஃப்எஸ்ஸில் வைத்து, பிளக்-இன் கம்ப்ரெஸ் செய்யாத நிலையில் அதன் உள்ளீட்டு மீட்டரைப் பாருங்கள். 0 காட்டினால் அளவுகோல் புரிந்துவிட்டது. பிறகு ட்ராக்கின் கிளிப் கெயினை (பதிவான ஒலித்துண்டின் லெவலை) குறைத்து, பாடும் இடங்களில் சராசரி -18 அருகே நிற்கும்படி செய்யுங்கள். டிரம்ஸுக்கு இந்த முறை உதவாது. வி.யு. முள் மெதுவானது, அடியின் உச்சியைக் காட்டாது. அங்கே உச்சி -10 முதல் -6 வரை இருந்தால் போதும். பிரீசெட்டுகள் (ஆயத்த அமைப்புகள்) ஏமாற்றுவதும் இதனால்தான்: அதைச் செய்தவரின் லெவல் வேறு, உங்களுடையது வேறு.

எந்த லெவலுக்கு மேல் அடக்க வேண்டும் என்று சொல்லும் த்ரெஷோல்டு நாப் 1176இல் கிடையாது. இன்புட்டை ஏற்ற ஏற்றக் கம்ப்ரெஷன் கூடும், அவுட்புட்டால் ஈடுகட்ட வேண்டும். அட்டாக் (அடக்கத் தொடங்கும் வேகம்), ரிலீஸ் (விடுவிக்கும் வேகம்) நாப்களும் தலைகீழ்: 7 என்பது வேகம், 1 என்பது மெதுவானது. மெதுவான அட்டாக்கே 800 மைக்ரோவிநாடி, வேகமானது 20. ரிலீஸ் 1.1 விநாடியிலிருந்து 50 மில்லிவிநாடி வரை. இரண்டையும் 7இல் வைத்து பேஸ் கிட்டாரில் போட்டால் கரகரப்பு நிச்சயம். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 20 மில்லிவிநாடி. கம்ப்ரெசர் அந்தச் சுற்றுக்குள்ளேயே கெயினை ஏற்றி இறக்கி அலையின் வடிவத்தைச் சிதைத்துவிடும். ரிலீஸை 3, 4க்குக் கொண்டுவாருங்கள்.

எல்ஏ-2ஏயில் இந்த நாப்களே இல்லை. உள்ளே ஒரு ஒளித்தகடும் ஒளியுணர் மின்தடையும்; அட்டாக் சுமார் 10 மில்லிவிநாடி, ரிலீஸில் பாதி 60 மில்லிவிநாடியிலும் மீதி சில விநாடிகள் வரை எடுத்தும் நடக்கும். குரலின் திடீர் உச்சிகளைப் பிடிக்க அது போதாது. எனவே முதலில் 1176இல் 3 முதல் 5 டெசிபல் குறைப்பு, பிறகு எல்ஏ-2ஏயில் 2, 3 டெசிபல் குறைப்பு என்ற வரிசை நன்றாக வேலை செய்யும்.

பைபாஸ் செய்து (பிளக்-இன்னைத் தற்காலிகமாக விலக்கி) ஒப்பிடும்போது இரு நிலைகளிலும் ஒலியளவு சமமாக இருக்கட்டும். 1 டெசிபல் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். 'அனலாக் சூடு' என்று கொண்டாடப்படுவதில் பாதி இந்த 1 டெசிபல்தான்.

டிஜிட்டலுக்கே உரிய தொல்லை அலியாசிங், அதாவது எல்லை தாண்டும் அதிர்வெண்கள் மடங்கிக் கீழே விழுவது. 44.1 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்டில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு மூன்றாம் ஹார்மானிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) 30. 44.1இல் பாதிக்கு மேல் இடமில்லாததால் அது 14.1இல் மடங்கி விழும். இசையோடு ஒட்டாத சுரம் அது. சைன் அலையை மெல்ல மேலே ஏற்றி அனலைசரில் பாருங்கள். கோடுகள் கீழ்நோக்கி ஓடினால் ஓவர்சாம்ப்ளிங்கை (பிளக்-இன் உள்ளே கூடுதல் மாதிரி வேகத்தில் கணக்கிடும் வசதியை) 4 மடங்காக்குங்கள். இது பிராசஸருக்குச் சுமை, தாமதமும் கூடலாம். பாடகர் ஹெட்போனில் கேட்டபடி பாடும்போது அணைத்துவிட்டு, மிக்ஸில் போடுங்கள்.

சில பிளக்-இன்கள் இரைச்சலையும் சேர்த்தே தருகின்றன. 32 ட்ராக்கில் போட்டால் அந்த இரைச்சல் சுமார் 15 டெசிபல் உயரும். பிளேபேக்கை நிறுத்திய பிறகும் மாஸ்டர் மீட்டர் அசைந்தால், ஒவ்வொன்றிலும் நாய்ஸ் பட்டனைத் தேடி அணையுங்கள்.