விபிஎன் போட்டிருக்கிறீர்கள், எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறதா?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் மடிக்கணினிகளைக் கவனிப்பது என் பணி. விபிஎன் (கணினியின் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே மறைவாக அனுப்பும் இணைப்பு) போட்டால் யூடியூப் திக்குகிறது, வீட்டு பிரிண்டர் காணாமல் போகிறது என்பவையே அடிக்கடி வரும் புகார்கள். பழியெல்லாம் இணைய நிறுவனத்தின் மேல் விழும். கோளாறு பெரும்பாலும் மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும்.

எந்த முகவரிக்கு எந்த வழி என்பதைக் கணினியின் ரூட்டிங் டேபிள் தீர்மானிக்கிறது. விபிஎன் இணைந்ததும் அதில் கை வைக்கிறது. ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள் இதைச் சாமர்த்தியமாகச் செய்யும். எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0/0 என்ற பழைய பொதுவழியை அழிக்காமல், 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இணையத்தை இரு பாதியாக்கிப் புதிய வழிகளைச் சேர்த்துவிடும். குறுகலான வழிக்கே முன்னுரிமை என்பதால் எல்லாமே விபிஎன் பக்கம் திரும்பிவிடும். கிரிக்கெட் ஒளிபரப்புகூட அலுவலக சர்வரைச் சுற்றிக்கொண்டுதான் வரும்.

அலுவலக முகவரிகளை மட்டும் விபிஎன் வழியே அனுப்பி, மற்றவற்றை நேரடி இணைப்பில் விடுவதற்கு ஸ்பிலிட் டனலிங் என்று பெயர். வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன் மென்பொருளின் அமைப்புக் கோப்பில், ‘அலவுட் ஐபிஸ்’ வரியில் 0.0.0.0/0 இருக்கும் இடத்தில் 10.0.0.0/8 போன்ற அலுவலக முகவரித் தொடரை எழுதினால் வேலை முடிந்தது. கொரோனா முடக்கத்தின்போது, 2020இல், மைக்ரோசாஃப்டே தன் ஆபீஸ் 365 போக்குவரத்தை இப்படிப் பிரித்துவிடச் சொன்னது.

பிரிண்டர் கதை வேறு. சில நிறுவன விபிஎன்கள் வீட்டு நெட்வொர்க்கை வேண்டுமென்றே மறைத்துவிடும். அதை நிர்வாகிதான் திறந்துவிட வேண்டும். இன்னொரு காரணம் முகவரி மோதல். வீட்டு ரவுட்டரும் 192.168.1.0, அலுவலகமும் 192.168.1.0 என்றால் 192.168.1.20 யாருடையது? கணினி ஒரு பக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். ரவுட்டரின் தொடரை 192.168.77.0 என்று மாற்றிப் பாருங்கள். அலுவலகத்தை மாற்றச் சொல்வதைவிட இது எளிது.

ஆனால் ஸ்பிலிட் டனலிங்கால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும் கணினி பாதுகாப்புக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும். நேரடியாகப் போகும் போக்குவரத்தை நிறுவன ஃபயர்வால் பார்க்காது; அந்த வழியில் நுழையும் தீநிரலுக்கு அலுவலகம் ஒரு எட்டு தூரம்தான். எனவே நிறுவனக் கணினியில் இதை நீங்களாக மாற்றாதீர்கள்.

அந்தரங்கத்துக்காகச் சொந்தமாக விபிஎன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, தாங்கள் அறியாமலேயே நடக்கும் பிரிவினை. இணைய முகவரிகளில் பழைய வகையான ஐபிவி4ஐ மட்டும் சுமக்கும் விபிஎன் என்றால், புதிய வகையான ஐபிவி6 போக்குவரத்து பழைய வழியிலேயே வெளியேறிவிடலாம். நம் மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 இப்போது சர்வசாதாரணம். 2024 மே மாதம் வெளியான ‘டனல்விஷன்’ ஆய்வு இன்னும் சங்கடமானது. பொது வைஃபையில் இருக்கும் ஒருவர், கணினிக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி முறையின் 121ஆம் அமைப்பு வழியே உங்கள் ரூட்டிங் டேபிளில் தன் வழிகளைத் திணித்துவிடலாம். போக்குவரத்து வெளியே போனாலும், விபிஎன் இணைந்திருப்பதாகவே திரை காட்டும். அந்த அமைப்பையே ஏற்காத ஆண்ட்ராய்டு தப்பித்தது.

விபிஎன் போட்டபின் ஐபி முகவரி காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, வி4, வி6 இரண்டையும் பாருங்கள். ஒன்றிலாவது உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் தெரிந்தால், அந்த வழி விபிஎன்னுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது.