பைஜாமா: சொல்லும் பொருளும்

நம் ஊரில் பைஜாமா என்றதும் கூடவே ஜிப்பாவும் நினைவுக்கு வரும். ரம்ஜான் தொழுகைக்கும் கல்யாண வரவேற்புக்கும் போட்டுக்கொண்டு போகிற, நாலு பேர் பார்க்க உடுத்துகிற உடை அது. இங்கிலாந்தில் அதே சொல்லைச் சொன்னால் படுக்கையறைதான் நினைவுக்கு வரும். அங்கே அது தூங்கும்போது போடுகிற சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த ஜோடி. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கப் பலரும் கூச்சப்படுவார்கள். இந்த இரண்டில் எது பழைய பொருள் என்று கேட்டால், நம்முடையதுதான்.

சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. ‘பாய்’ என்றால் கால், ‘ஜாமா’ என்றால் ஆடை. இரண்டும் சேர்ந்து காலுக்கான ஆடை. இரவு, தூக்கம் என்ற பொருளெல்லாம் அதில் எங்கும் இல்லை. உருது, இந்தி வழியாக அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

அந்தப் ‘பாய்’ நமக்குப் புதியவர் அல்ல. இடியாப்பத்தோடு சாப்பிடுகிற ஆட்டுக்கால் பாயாவில் இருப்பவரும் அவரே. பாயா என்றாலே கால்தான். நாம் முன்னால் இன்னொரு காலைச் சேர்த்து ‘ஆட்டுக்கால் பாயா’ ஆக்கிவிட்டோம். வரவேற்பறையில் கிடக்கும் டீப்பாயைப் பாருங்கள். டீ வைப்பதால் டீப்பாய் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். இந்தியில் அது ‘திபாய்’, அதாவது முக்காலி. ஆங்கிலேயர் வாயில் நுழைந்தபோது தேநீரின் வாசம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இன்று நாலு கால் வைத்துச் செய்தாலும் நாம் அதை டீப்பாய் என்றே சொல்கிறோம். வடக்கே கயிற்றுக் கட்டிலுக்குச் ‘சார்பாய்’ என்று பெயர். நாலு கால் உள்ளது என்று பொருள். ஆக உடுப்பு, குழம்பு, மேசை, கட்டில் நாலும் ஒரே காலில் நிற்கின்றன.

‘ஜாமா’ அந்த அளவுக்கு நம்மிடம் கலக்கவில்லை. முகலாய ஓவியங்களில் மன்னர்கள் இடுப்பில் இறுக்கி, கீழே பாவாடை போல விரியும் நீண்ட அங்கி ஒன்று போட்டிருப்பார்கள். அதன் பெயர் ஜாமா. அதற்குக் கீழே எட்டிப் பார்ப்பது பைஜாமா.

இங்கே சுடிதாரையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுவும் பைஜாமாதான். ‘சூடி’ என்றால் வளையல்; ‘தார்’ என்றால் உடையது, ஜமீன்தாரிலும் தாசில்தாரிலும் வருகிற அதே தார். காலைவிட நீளமாகத் தைப்பதால், கணுக்கால் பக்கம் துணி வளையல் அடுக்கியது போல மடிந்து நிற்கும். அந்த இறுக்கமான பைஜாமாவுக்குத்தான் சுடிதார் என்று பெயர். நாமோ மேல்சட்டை, கால்சட்டை, துப்பட்டா மூன்றும் சேர்ந்த முழு செட்டையும் சுடிதார் என்கிறோம். தொளதொளவென்று தைத்தாலும் பெயர் சுடிதார்தான்.

சரி, இங்கிலாந்துக்குப் போவோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1800 வாக்கில் எழுத்தில் வருகிறது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள், முஸ்லிம்கள் உடுத்திய நாடா கட்டும் தொளதொளக் கால்சட்டையை வீட்டுக்குள் ஓய்வாக இருக்கவும் தூங்கவும் எடுத்துக்கொண்டார்கள். இங்கே சம்பாதித்து ஊர் திரும்பியவர்கள் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். 1870களுக்குப் பிறகு அங்கே ஆண்களின் நீண்ட இரவுச் சட்டையின் இடத்தை இது பிடிக்கத் தொடங்கியது. மேலே ஒரு சட்டை சேர்ந்ததும் சொல்லுக்குப் பொருளே மாறிப்போனது: காலுக்கு மட்டுமான ஆடை, உடம்பு முழுவதற்குமான ஜோடி ஆகிவிட்டது.

1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில் இதற்கு ஒரு பதிவு உண்டு. அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவர்தான். பாதத்தையும் மூடித் தைத்த பைஜாமாக்கள் அந்தக் காலத்தில் இருந்தன என்கிறது அந்தப் பதிவு. இது எதற்கு என்று லண்டனில் ஒரு தையல்காரரிடம் கேட்டபோது, கறையானுக்காக என்று பதில் வந்ததாம். அகராதி படிக்கும் சுகமே இப்படிப்பட்ட இடங்கள்தான்.

இனி விளையாட்டு. எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆங்கில ஸ்கிராபிளில் பைஜாமா ஒரு சின்னப் புதையல். அந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனவர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி எழுத்துகளுக்கு மதிப்பு வைத்தார். ஜே அபூர்வமான எழுத்து; 100 வில்லைகளில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதற்கு 8 புள்ளி. பிரிட்டிஷ் எழுத்துமுறைப்படி பி 3, ஒய் 4, ஜே 8, ஏ 1, எம் 3, ஏ 1 என்று பைஜாமாவுக்கு 20 புள்ளி. அமெரிக்கர்கள் ஒய் இருக்கும் இடத்தில் ஏ போடுவதால் அவர்களுக்கு 17தான். பின்னால் எஸ் சேர்த்தால் பிரிட்டிஷ் சொல் ஏழெழுத்தாகும். கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 கூடுதல்.

அதையே ஆட்டத்தின் முதல் சொல்லாக வைக்கும் யோகம் வாய்த்தால், நடு வரிசையில் இரண்டாம் கட்டத்தில் தொடங்குங்கள். நாலாம் கட்டத்தில் ஜே விழும். அது எழுத்தை இரட்டிப்பாக்கும் கட்டம். கடைசி எஸ் நடு நட்சத்திரத்தில் விழும். அது சொல்லையே இரட்டிப்பாக்கும். 20உடன் எஸ்ஸின் 1, ஜேக்குக் கூடுதலாக வரும் 8 இரண்டும் சேர்ந்து 29. அதை இரண்டால் பெருக்கி 50 சேர்த்தால் 108. வேறு எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும் இதைவிடக் குறைவுதான்.

தமிழில் கணக்கே வேறு. நம் குறுக்கெழுத்தில் உயிர்மெய்க்கு ஒரு கட்டம் என்பதால் பைஜாமா மூன்றே கட்டத்தில் அடங்கிவிடும். முதலும் கடைசியும் நல்ல எழுத்துகள். பை, மா இரண்டுமே நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் சேர்ந்தவை. நடுவில் இருக்கும் ‘ஜா’தான் சிக்கல். அதன் வழியாகக் குறுக்கே ஒரு சொல்லை ஓட்டப் புதிர் போடுபவர் ராஜா, ஜாதி, ரோஜா என்று திரும்பத் திரும்ப அதே நாலைந்து சொற்களிடம் போக வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? கால்சராய் என்பதில் பாதிதான் தமிழ். ‘சராய்’ வெளியிலிருந்து வந்தது. இரவுடை என்றால் இங்கிலாந்து போய் வந்த பொருளுக்குத்தான் பொருந்தும், பெருநாள் தொழுகைக்குப் போகிறவரின் உடையை அப்படிச் சொல்ல முடியாது. கால்சட்டையோ பேண்ட், டவுசர் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. தைத்த ஆடைக்குப் பெயர் வைப்பது தமிழுக்குப் புதிதல்ல. முல்லைப்பாட்டில் பாசறையில் காவல் இருக்கும் யவனர்கள் ‘மெய்ப்பை புக்க’ தோற்றத்தோடு வருகிறார்கள். உடம்பு நுழையும் பை, அதாவது சட்டை. அதே வழியில் காற்பை என்று சொல்லலாம்தான். ஆனால் இன்றைய காதுக்கு அது ஏதோ தோளில் மாட்டுகிற பையாகத்தான் கேட்கும்.

எனக்குப் பிடித்தது காலாடை. பாரசீகச் சொல்லின் இரண்டு பகுதிக்கும் அப்படியே ஈடு. மேலாடை, உள்ளாடை, பின்னலாடை என்று ஏற்கெனவே பழகிய வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கால் என்பதற்கு நாலில் ஒரு பங்கு என்றும் பொருள் இருப்பதால், அரையாடை மாதிரி இது காலாடையா என்று யாராவது கேட்கலாம். துணிக்கடையில் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. ஜிப்பாவும் காலாடையும் என்று இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துக்கொள்கிறது.

புதிர் போடுபவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. காலாடையும் மூன்றே எழுத்துதான், பைஜாமா இருந்த கட்டங்களில் அப்படியே உட்காரும். ‘டை’யில் முடிவதால் மேலிருந்து கீழாகக் கடை, வடை, குடை, சடை, எடை, விடை என்று எதை வேண்டுமானாலும் இறக்கலாம்.