ஏற்றத்தில் ஒரு கொதிநிலை, இறக்கத்தில் இன்னொன்று

பதினைந்து ஆண்டு ஓடிய ஒரு சிறிய பெட்ரோல் காரை வாங்கி, சேலத்தில் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் இடையில் இரண்டு மாதம் ஓட்டினேன். அது ஒரு குறையும் காட்டவில்லை. மூன்றாம் மாதம் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் புறப்பட்டபோது, கோரிமேடு, அடிவாரம் வரை நடுவில் நின்ற வெப்பமானி முள் மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறத் தொடங்கியது. ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டியபோது, பானெட் இடுக்கில் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பிறகு பட்டறையில் மாற்றப்பட்டது என்ஜினோ, அதன் வெப்பத்தைக் காற்றில் வெளியேற்றும் ரேடியேட்டரோ அல்ல; ரேடியேட்டரின் மூடி மட்டும்தான்.

அந்த மூடியின் வேலையைப் புரிந்துகொள்ள, மலை கேட்கும் கூலியை முதலில் கணக்கிட வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள காரை 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக 1,200 மீட்டர் உயர்த்த, சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. இது 40 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கும் வரை சூடாக்கப் போதுமானது. பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கு அளவே சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மீதி புகையோடும், கூலண்ட் எனும் குளிர்விக்கும் திரவத்தின் வழியாகவும் வெப்பமாக வெளியேற வேண்டும். சமவெளியில் காரின் வேகமே ரேடியேட்டருக்குக் காற்றை ஊட்டுகிறது. மலையிலோ இரண்டாம் கியரில் என்ஜின் வேகமாகச் சுழல, கார் மெதுவாக நகர்கிறது. வெப்பம் கூடும் நேரத்தில் காற்று குறைகிறது, பாரம் முழுவதும் விசிறியின் மேல் விழுகிறது.

இங்கேதான் மூடி வருகிறது. அது வெறும் மூடியன்று. ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் கொண்ட ஒரு வால்வு. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 0.9 பார், அதாவது கிட்டத்தட்ட இன்னொரு வளிமண்டல அழுத்தம் அளவு, கூடும் வரை அது திறப்பதில்லை. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பது பிரஷர் குக்கர் வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. மூடி நன்றாக இருந்தால் ஏற்காட்டின் உயரத்திலும் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. ரப்பர் இறுகி அழுத்தம் கசிந்துவிட்டால், காற்றின் அழுத்தம் குறைந்த அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜினோ வழக்கமாகவே 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆக, இருபத்தைந்து டிகிரி இடைவெளி ஐந்தாகச் சுருங்குகிறது. நகருக்குள் சிறு இடைவெளியே போதும் என்பதால்தான் என் கார் இரண்டு மாதம் நல்ல பிள்ளையாக இருந்தது.

கொதித்த காரின் மூடியை உடனே திறப்பவர்களின் முகமும் கையும் வெந்துபோவதற்கும் இதுவே காரணம். நூறு டிகிரிக்கு மேல் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர், அழுத்தம் விலகிய நொடியில் ஆவியாகிச் சீறும். முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவது பலன் தரும். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சித்திரை வெயிலில் இதைச் சொன்னால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பழைய கார்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. கூலண்டுக்குப் பதிலாக முந்தைய உரிமையாளர் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு குழாய்களின் உட்சுவரில் படிந்திருக்கும். அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கையே இந்தப் படிவு கடத்தும். சேலத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் மாக்னசைட் என்ற வெள்ளைக் கல்லும் இந்தப் படிவைப் போலவே கார்பனேட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கல்லாக இருந்தால் காசு, ரேடியேட்டருக்குள் இருந்தால் செலவு.

இறக்கத்தில் கதை தலைகீழாகிறது. ஏறும்போது சேர்த்த அதே 1 கோடியே 18 லட்சம் ஜூலும் இப்போது வெளியேற வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால், அதில் பெரும்பங்கு பிரேக்கின் சில கிலோ இரும்புக்குள் வெப்பமாக இறங்கி, அங்கிருந்து பிரேக் ஆயிலைச் சுடும். டாட் 3 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை, ரப்பர் ஹோஸின் வழியாகக்கூட, மெல்ல உறிஞ்சும் இயல்புடையது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் தரநிலை எதிர்பார்ப்பது 140 டிகிரியை மட்டுமே. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஆயில் கொதித்தால் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும்; ஆகவே மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. கொடுமை என்னவென்றால், ஆறியதும் குமிழ்கள் மறுபடி திரவமாகிவிடும். மறுநாள் காலையில் மெக்கானிக் மிதித்துப் பார்க்கும்போது பிரேக் கெட்டியாகவே இருக்கும். முந்தின நாள் நடந்ததைச் சொல்பவர்தான் பயந்தாங்கொள்ளியாகத் தோன்றுவார்.

ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது இதனால்தான். ஆற்றலின் பெரும்பங்கை என்ஜினின் தடையே விழுங்கிவிடும். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறக்குபவர்கள் உண்டு. ஆனால் இன்ஜெக்டர் உள்ள கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எரிபொருள் அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ என்ஜின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கிறது. போன மாதம் இரண்டாம் கியரிலேயே அடிவாரம் வரை இறங்கி, சக்கரத்தருகே குனிந்து பார்த்தேன். கருகல் வாடை இல்லை.